மூடுமுன் அளத்தல்: கட்டட வேலையின் கணக்கும் திருச்சபையும்

தூத்துக்குடியின் புதிய துறைமுகம் 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. அதன் வடக்கு அலைதடுப்புச் சுவர் 4,098 மீட்டருக்கும், தெற்குச் சுவர் 3,873 மீட்டருக்கும் சற்று மேற்பட்ட நீளமுடையவை. இரண்டும் கடலில் கல்லைக் கொட்டி எழுப்பப்பட்டவை. புதுக்கோட்டை வழியாகத் துறைமுகத்திற்குச் செல்லும் பாரவண்டிகளை நாள்தோறும் காணும் சபையார் இச்சுவர்களை அறிவர்; ஆனால் கடலுக்குள் போய்விட்ட கல்லுக்கு எவ்வாறு கணக்குப் பார்த்துக் கூலி கொடுப்பது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

நிலத்தில் கட்டிய சுவரை எப்போது வேண்டுமானாலும் நாடா பிடித்து அளக்கலாம். கடலில் இட்ட கல்லோ நீருக்குள் மறைகிறது; ஒரு பகுதி அடிமண்ணிலும் புதைந்து போகிறது. ஆகையால் இத்தகைய வேலைகளில் கல்வண்டியைக் கரையிலேயே எடைமேடையில் நிறுத்தி, எடையைச் சீட்டில் குறித்துக்கொள்வது வழக்கம். கொட்டப்படாத கல்லுக்கும் சீட்டு எழுதப்படக்கூடும் என்பதை அனுபவமுள்ளோர் அறிவர். அதனாலேயே எடைபோடுகிறவர் ஒருவரும், கொட்டுமிடத்தில் எண்ணுகிறவர் வேறொருவரும் இருத்தல் வேண்டும்.

இக்கடற்கரைக்கு இவ்வொழுங்கு புதியதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், கரைசேர்ந்த சிப்பிகளைக் கொட்டில் மூன்று கூறாக்கி, இரண்டை அரசாங்கமும் ஒன்றைக் குளிப்பவரும் எடுத்துக்கொண்டனர். அரசாங்கத்தின் பங்கு ஆயிரத்திற்கு இன்ன விலையென்று, சிப்பி திறக்கப்படாமலே ஏலம் விடப்பட்டது. திறந்தபின் எத்தனை முத்து இருந்தது என்று வழக்காட இடமில்லாதபடி, திறக்குமுன் எண்ணினார்கள். தூத்துக்குடியில் 1961இல் நடந்த குளிப்பே கடைசியாயிற்று.

சென்னை மாகாணத்தின் அரசாங்கக் கட்டடங்களைப் பற்றிய கணக்கு இவ்வளவு தெளிவாகத் தொடங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராணுவ வாரியம், வருவாய் வாரியத்தின்கீழ் இருந்த மராமத்துப் பிரிவு, சாலைக் கண்காணிப்பாளர் ஆகிய மூன்று தனித்தனிக் கைகளில் வேலைகள் இருந்தன. 1852இல் அறிக்கை அளித்த விசாரணைக்குழு இப்பிரிவினையையே பெருங்குறையாகக் கண்டது. அதற்குப்பின் அப்பத்தாண்டிலேயே தலைமைப் பொறியாளரின்கீழ் பொதுப்பணித் துறை உருவாயிற்று. அத்துறை வளர்த்த பழக்கங்களில் நமக்கு மிகவும் பயன்படத்தக்கது அளவுப் புத்தகமாகும். ஓவர்சியர்களும் கான்ட்ராக்டர்களும் அதனை எம். புக் என்பர்.

இதன் தன்மையைச் சற்று விரித்துரைப்பது நலம். ஒப்பந்தத்தில் விகிதம் நிலையானது, அளவோ உத்தேசம். மதிப்பீட்டில் நான்கு அடி ஆழமென்று கண்ட வானம், கரிசல் மண்ணில் ஆறு அடி போகவேண்டி வரலாம். ஆகவே உண்மையில் செய்யப்பட்ட வேலையை அளந்து, அதனை ஒப்பந்த விகிதத்தால் பெருக்கியே பணம் கொடுக்கப்படுகிறது. அளவுப் புத்தகத்தின் பக்கங்களுக்குத் தொடர் எண் உண்டு; ஒரு தாளையும் கிழித்தல் ஆகாது. எழுதியதைச் சுரண்டி அழித்தலும் ஆகாது. பிழையைக் கோடிட்டு அடித்து, திருத்தத்தின் அருகே சுருக்கொப்பம் இடவேண்டும். ஒப்பந்தக்காரரோ அவர் ஆளோ உடனிருக்க அளவெடுத்து, அவரது ஒப்புதல் கையொப்பம் பெறப்படுகிறது. மேலதிகாரி ஒரு பகுதியைத் தாமே மீண்டும் அளந்து பார்க்கிறார். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. அஸ்திவாரம், கான்கிரீட்டிற்குள் மறையும் கம்பி முதலியவற்றை அளவெடுக்காமல் மூடக்கூடாது. மூடினால் ஒப்பந்தக்காரர் தம் செலவில் திறந்து காட்டவேண்டும். நாட்கூலிக்கு மஸ்டர் ரோல் தனியே உண்டு. சித்தாளின் பெயரும் அவள் வேலைசெய்த நாட்களும் எழுதப்படுவதற்கு அதைவிட்டால் வேறு ஏடு இல்லை. வானளாவிய கோபுரத்தின் கல்வெட்டில் அவள் பெயர் வருவதில்லை.

நம் மிஷன் கட்டடங்கள் இம்முறையில் கட்டப்பட்டவை அல்ல. இடையன்குடி ஆலயத்திற்குக் கால்டுவெல் 1847இல் தொடக்கமிட்டார். 1880 ஜூலை 6ஆம் நாள் அது பிரதிஷ்டையாயிற்று. முப்பத்துமூன்று ஆண்டுகள்! இடையில் அவர் இங்கிலாந்து சென்று திரும்பிய காலங்களும், 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சமும் அடங்கும். 1877இல் பேராயராக அபிஷேகம் பெற்ற பின்னும் அவ்வாலயத்தின் பொறுப்பு அவரை விட்டு நீங்கவில்லை. தொடங்கியவரே முடித்தமையால், எந்த மூலையில் என்ன கல் என்பதற்கு அவர் நினைவே ஏடாக இருந்திருக்கக்கூடும். இன்றைய போதகருக்கு அந்த வசதி கிடையாது. வானம் தோண்டும்போது ஒருவர், கூரை போடும்போது வேறொருவர், பிரதிஷ்டையன்று மூன்றாமவர் என்பது நமது மாறுதல் முறையின் இயல்பு.

கணக்குக் கேட்டால் சிலர் யோவாசின் வரலாற்றைக் காட்டுவதுண்டு. ஆலயத்தைப் பழுதுபார்த்தவர்களிடம், அவர்கள் உண்மையாய் நடந்தமையால், கணக்குக் கேட்கப்படவில்லை என்று 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரம் கூறுவது மெய்யே. ஆனால் அவ்வதிகாரத்தை முழுவதும் வாசித்தல் வேண்டும். ஆசாரியர்கள் வசம் பணம் விடப்பட்டிருந்த நிலையில், அரசனின் இருபத்துமூன்றாம் ஆண்டாகியும் பழுது பார்க்கப்படவில்லை. அதன்பின்பே துளையிட்ட பெட்டி வைக்கப்பட்டது. ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் இருவராய் எண்ணினார்கள். ஆகவே வேலைக்காரர்மேல் வைத்த நம்பிக்கையைக் காணிக்கை வாங்கியவர்களுக்குரிய விலக்காக எடுத்தாளுவது வேதவாக்கியத்தைப் புரட்டுவதாகும்.

யாத்திராகமம் 38ஆம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. ஈத்தாமாரின் பொறுப்பில் எழுதப்பட்ட அக்கணக்கில், 6,03,550 பேர் தலைக்கு அரைச்சேக்கல் கொடுத்த வெள்ளி நூறு தாலந்தும் 1,775 சேக்கலுமாயிற்று. தாலந்து ஒன்றுக்கு 3,000 சேக்கலாக வைத்துப் பெருக்கிப் பார்த்தால் ஒரு சேக்கலும் கூடவோ குறையவோ இல்லை. நூறு தாலந்து நூறு பாதங்களாயிற்று என்பதோடு எழுத்தர் நிறுத்தவில்லை; எஞ்சிய 1,775 சேக்கல் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் சென்றதையும் எழுதினார். மீதிக்குக் கணக்கு எழுதாமல் விடுவதே நமது கட்டடக் கமிட்டிகளின் வாடிக்கை. சபைகள் பிளவுபட்ட சண்டைகள் பலவும் இந்த மீதியிலிருந்துதான் தொடங்கியிருக்கின்றன.

கட்டட வேலை நடக்கும் சபையிலிருந்து மாறுதலாகும் போதகர், ஞானஸ்நானப் பதிவேட்டோடு இவற்றையும் அடுத்தவரிடம் எழுத்துமூலம் ஒப்படைக்கலாம்: கையொப்பமிட்ட ஒப்பந்தமும் விகிதப் பட்டியலும், அளவுப் புத்தகம், மஸ்டர் ரோல், கூடுதல் வேலைக்குக் கமிட்டி கொடுத்த எழுத்துமூல அனுமதிகள், பிடித்தம் செய்த வைப்புத்தொகையின் கணக்கு, மூடப்பட்ட அஸ்திவாரத்தின் ஆழத்தைக் காட்டும் வரைபடம். முப்பது ஆண்டு கழித்து மேல்மாடி எழுப்ப விரும்பும் சபையார் முதலில் தேடப்போவது அந்த வரைபடத்தையே.