நினைவுக் கத்திகளும் மறந்த கரங்களும்

கத்தி வெட்டுவதற்குரிய கருவி. ஆயினும் எதனையும் வெட்டாது பேணப்படும் கத்திகளும் உள. அமெரிக்க விடுதலையின் 200ஆவது ஆண்டு நிறைவையொட்டி 1976இல் வெளியிடப்பட்ட சட்டைப்பைக் கத்திகள் இவ்வகையின. ஒரு நிகழ்வின் நினைவாக, வரையறுத்த தொகையில் மாத்திரம் செய்யப்படும் கத்திகளைத் தேடிச் சேகரிப்போர் மேலைநாடுகளிற் பலர். எண்ணிக்கை குறையக் குறைய அவற்றின் மதிப்பு உயர்கின்றது.

கத்தியை மதிப்பின் சின்னமாகப் போற்றும் மரபு கண்டி இராச்சியத்திலும் நிலவியது. சிங்களத்தில் 'பிஹா கெத்த' எனப்படும் கத்தி மடங்குவதன்று, இடைக்கச்சையிற் செருகப்படுவது. தடித்த அலகில் வெள்ளியும் பித்தளையும் பதிக்கப்பட்டுக் கொடிக்கோலங்கள் படர்ந்திருக்கும். பிடி கொம்பாலோ தந்தத்தாலோ அமைந்திருக்கும். அரசனுக்குரிய 'பட்டல் ஹத்தர' என்னும் நான்கு பட்டறைகளில் உருவான இத்தகைய கத்திகளை அரசன் பிரதானிகளுக்குப் பரிசாக வழங்கினான். எனவே இவை படைக்கலம் என்பதினும் அரச மதிப்பின் அடையாளம் எனல் பொருந்தும்.

ஹேவாஹெட்டப் பகுதி இவ்வரலாற்றுக்கு அந்நியமானதன்று. 1664ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர் இரண்டாம் இராஜசிங்கன் இப்பகுதியைச் சேர்ந்த ஹங்குராங்கெத்தையிலேயே அரசிருக்கை கொண்டிருந்தான். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், கண்டியர் வேலைப்பாடமைந்த கத்திகளை அணிந்தமையைக் குறிப்பிட்டுள்ளார்.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. அரசன் நாடுகடத்தப்பட்டதோடு அரச பட்டறைகள் ஆதரவை இழந்தன. நிலத்துக்கு ஈடாகச் சேவை புரியும் இராசகாரிய முறை 1832இல் அரசினால் நீக்கப்பட்டபோது, பழைய ஒழுங்கு மேலும் தளர்ந்தது. கத்திகளோ அழியவில்லை, அவை சேகரிப்போர் கைகளுக்கும் அரும்பொருளகங்களுக்கும் சென்றன. கைவினையைப் பேணுதற்கெனக் கண்டியில் 1882இல் ஒரு கலைச் சங்கம் தோன்றியது. கண்டியின் கைவினை மரபை விரிவாக ஆராய்ந்து 1908இல் நூலாக்கியவர், தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி ஆவார். கலைப்பொருளைக் காத்து, அதனைப் படைக்கும் கைவினைஞனின் வாழ்வைக் கைவிடுதல் கலையைக் காத்ததாகாது என்பது அவர்தம் ஆய்வு உணர்த்தும் உண்மையாகும்.

இவ்வுண்மை ஹேவாஹெட்டையின் பிற்கால வரலாற்றுக்கும் பொருந்துவதாகும். காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்ட இம்மலைகளில், லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தேயிலை எங்கும் பரவியது. அதனுடன் பரவியது மற்றுமொரு கத்தி: தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கையிலேந்திய கவ்வாத்துக் கத்தி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டப்படாவிடின் தேயிலைச் செடி மரமாக ஓங்கிவிடும், கொழுந்தும் குன்றும். ஏற்றுமதிப் பொருளாதாரம் இக்கத்தியின் கூர்மையிலும் தங்கியிருந்தது என்பது மிகையன்று.

அதன் அலகில் வெள்ளி இல்லை; எவர் பெயரும் இல்லை. சாணைக்கல்லிலே தீட்டத் தீட்ட அலகு தேய்ந்தது, தேய்ந்தபின் எறியப்பட்டது. அதனைப் பிடித்த கரங்களுக்குரியோரில் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உழைக்காத கத்தி பளபளப்புடன் எஞ்சுகின்றது. உழைத்த கத்தி தேய்ந்து மறைகின்றது. ஆதலின் எஞ்சிய பொருள்களை மாத்திரம் கொண்டு எழுதப்படும் வரலாறு, பரிசு பெற்றோரின் வரலாறாகவே அமையும். மலையகத்தின் முதிய தொழிலாளர் நினைவில் வாழும் செய்திகளைத் திரட்டுவதும், எஞ்சியுள்ள கவ்வாத்துக் கத்திகளைப் பேணுவதும் வரலாற்று மாணவர்தம் கடமையாகும். அரசன் அளித்த கத்திக்கு அரும்பொருளகத்தில் இடமுண்டெனில், மலையைத் தோட்டமாக்கிய கத்திக்கும் அங்கு இடம் வேண்டும்.