ஆலயத்தை விட்டகலாத குரல்: அரேத்தா ஃபிராங்கிளினும் கறுப்பர் திருச்சபையின் பாடலும்

திருச்சபையின் பாடல் யாருக்கு உரியது? ஆலயத்தில் பிறந்த இராகம் ஆலயத்துக்கு வெளியே ஒலிக்குமாயின், அது தன் தூய்மையை இழந்துவிடுகின்றதா? திருச்சபை வரலாற்றில் பலமுறை எழுந்த இவ்வினாக்கள், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பர் திருச்சபைகளில் மிகக் கூர்மையாக எழுந்தன. 'சோல்' எனப்படும் ஆன்ம இசை அங்குத் தோன்றியபோது, ஆண்டவருக்குரிய பாடலைச் சந்தைக்கு விற்றுவிட்டனர் என்று சபையார் பலர் மனம் நொந்தனர். அவ்விசையின் அரசி எனப் போற்றப்பெற்ற அரேத்தா ஃபிராங்கிளின் ஒரு போதகரின் மகள். அவருடைய வாழ்க்கையை (1942–2018) ஆராய்ந்தால், மேற்கண்ட வினாக்களுக்கு நாம் வழக்கமாகத் தரும் விடைகள் போதா என்பது விளங்கும்.

1. தெருவும் ஆலயமும்

ஆன்ம இசை தோன்றியபோதுதான் ஆலயப் பாடல் முதன்முதலாகத் தெருவைச் சந்தித்தது என்று எண்ணுவது தவறு. இன்று கறுப்பர் சபைகள் தம் மரபுச் செல்வமாகப் போற்றும் 'காஸ்பல்' என்னும் நற்செய்தி இசையின் தந்தை எனப்படுபவர் தாமஸ் டார்சி. அவர் போதகர் ஒருவரின் மகன். எனினும், 'புளூஸ்' எனப்படும் துயரப் பாடல்களுக்குப் பியானோ வாசித்து, கேளிக்கை அரங்குகளில் பெயர் பெற்றவர். 1932-ஆம் ஆண்டில் அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தார்; பிறந்த குழந்தையும் உடனே இறந்தது. அத்துயரத்தின் நடுவே அவர் இயற்றியதே, ஆண்டவர் தம் கரத்தைப் பற்றி நடத்தவேண்டும் என வேண்டும் புகழ்பெற்ற பாடல். டார்சியின் இசையில் புளூஸின் சாயல் இருந்ததால், சபைகள் பல தொடக்கத்தில் அவருக்குக் கதவடைத்தன. ஒரு தலைமுறை கழிவதற்குள் அதே இசை ஆலயங்களின் சொந்த இசையாயிற்று.

அடுத்த தலைமுறையில் பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. 1954-இல் ரே சார்லஸ் ஒரு நற்செய்திப் பாடலின் மெட்டைத் தழுவிக் காதற்பாட்டொன்றைப் பதிவுசெய்தார். போதகர் ஒருவரின் மகனாகிய சாம் குக், 'சோல் ஸ்டிரர்ஸ்' என்னும் நற்செய்திக் குழுவின் முதன்மைப் பாடகராக விளங்கியவர். 1957-இல் அவர் காதற்பாடல்களுக்குத் திரும்பினார். சபையார் பலர் இதனை விசுவாசத் துரோகமாகவே கருதினர். ஆலயம் தெருவிடமிருந்து பெற்றுக்கொண்டதை மறந்து, தெரு ஆலயத்திடமிருந்து எடுத்துக்கொண்டதை மட்டும் அவர்கள் கணக்கிட்டனர் என்பது கருதத்தக்கது.

2. போதகர் இல்லம்

அரேத்தா 1942 மார்ச் 25 அன்று டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் பிறந்தார். தந்தை கிளாரன்ஸ் லவான் ஃபிராங்கிளின், மிசிசிப்பியின் பருத்தி நிலத்தில் வளர்ந்து பாப்திஸ்து போதகரானவர். 1946-இல் அவர் டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் பாப்திஸ்து சபையின் பொறுப்பை ஏற்றார். தெற்கிலிருந்து தொழிற்சாலை வேலை தேடிக் குடிபெயர்ந்த கறுப்பின மக்களே அச்சபையின் பெரும்பகுதியினர்.

ஃபிராங்கிளின் போதகரின் அருளுரை முறை நம் கவனத்துக்குரியது. அவர் அமைதியான பேச்சில் திருமறைப் பகுதியை விளக்கத் தொடங்குவார். படிப்படியாகக் குரல் உயர்ந்து, உரை இராகமாக மாறும். சபையார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மறுமொழி கொடுப்பர். போதகர் அழைக்க, சபை விடையளிக்க, அருளுரையே ஒரு கூட்டுப் பாடலாகும். தன் கூட்டைக் கலைக்கும் கழுகைப் பற்றிய உபாகமம் 32:11-ஐ ஆதாரமாகக் கொண்டு அவர் ஆற்றிய அருளுரை 1953-இல் இசைத்தட்டாகப் பதிவாயிற்று. பிற்காலத்தில் அமெரிக்க நாட்டின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பிலும் அது இடம் பெற்றது. அரேத்தா பயின்ற முதல் இசைப்பள்ளி தந்தையின் பிரசங்க பீடமே எனலாம். இசைக் குறியீடுகளைப் படிக்கக் கற்காமல், கேள்வி ஞானத்தாலேயே அவர் பியானோ வாசிக்கத் தேர்ந்தார். மஹாலியா ஜாக்சன், கிளாரா வார்டு, ஜேம்ஸ் கிளீவ்லாந்து ஆகிய நற்செய்திப் பாடகர்கள் அவ்வில்லத்துக்கு வந்து சென்றனர். கிளாரா வார்டு ஓர் அடக்க ஆராதனையில் பாடியதைக் கேட்டபோதே தாமும் பாடகியாக வேண்டும் என்று உறுதிகொண்டதாக அரேத்தா பின்னாளில் கூறியுள்ளார். 1956-இல், பதினான்கு வயதில், அவர் பாடிய நற்செய்திப் பாடல்கள் பதிவாயின.

இவ்வில்லத்தின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. தாயார் பார்பரா 1948-இல் கணவரைப் பிரிந்து சென்றார்; 1952-இல், அரேத்தா பத்து வயது நிறைவதற்கு முன்னரே, அவர் இறந்தார். மெம்பிஸில் ஊழியம் செய்த காலத்தில் ஃபிராங்கிளின் போதகர் தம் சபையைச் சேர்ந்த ஒரு சிறுமி தாயாவதற்குக் காரணமாயிருந்தார் என்பதை அவர்தம் வாழ்க்கை வரலாறு பதிவு செய்கின்றது. அரேத்தாவும் பன்னிரண்டாம் வயதில் முதற்குழந்தைக்கும், பதினான்காம் வயதில் இரண்டாம் குழந்தைக்கும் தாயானார். பாட்டியாரே அக்குழந்தைகளை வளர்த்தார். மேடையில் கழுகின் சிறகுகளைப் பற்றி உள்ளம் உருகப் பேசப்பட்ட சபையில், சிறுமியரைக் காக்கும் சிறகு இல்லாமற்போயிற்று. நாவன்மை ஊழியரின் வாழ்வுக்குச் சான்றாகாது என்பதை ஊழியராகிய நாம் இவ்விடத்தில் நடுக்கத்துடன் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அரேத்தாவின் குரலில் பின்னர் உலகம் கேட்ட துயரம் கற்பனையில் பிறந்ததன்று.

3. ஆலயத்தைக் கொண்டுசென்ற பாடகி

1960-இல் அரேத்தா கொலம்பியா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். தந்தை அதனைத் தடுக்கவில்லை, ஊக்கமே அளித்தார். சபையாரின் குறைகூறல் எழாமலில்லை. தாம் எடுத்த முடிவால் ஆண்டவருக்கு எவ்விதத் தீங்கும் செய்ததாகக் கருதவில்லை என்று 1961-இல் நியூயார்க் இதழொன்றில் அரேத்தா எழுதினார்.

எனினும், அடுத்த ஆறு ஆண்டுகள் அவருக்குப் பெரும்புகழைத் தரவில்லை. அந்நிறுவனம் அவரை நாகரிக அரங்குகளுக்கேற்ற பாடகியாக்க முயன்றது. பெரிய வாத்தியக் குழுவுக்கு முன்னால் நாடகப் பாடல்களைப் பாட வைத்தது. 1966-இன் இறுதியில் அவர் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறினார். அங்குத் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் செய்தது எளிய செயல்: அரேத்தாவையே பியானோவின் முன் அமரச் செய்து, அவர் தம் இயல்பில் பாட இடமளித்தார். அவரை மீண்டும் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றதே தாம் செய்தது என்ற பொருளில் வெக்ஸ்லர் பின்னர் பேசினார். 1967 ஜனவரியில் அலபாமா மாநிலத்தின் மசல் ஷோல்ஸ் ஊரில் வெள்ளை இனக் கலைஞர்களுடன் பதிவாகிய முதற்பாடலே பெருவெற்றி பெற்றது. உலகப் பாடலாயினும், அழைப்பும் மறுமொழியும், இரட்டிக்கும் தாளமும், ஒரே அசையைப் பல சுரங்களில் இழைத்தலும் நியூ பெத்தேல் ஆராதனையிலிருந்து வந்தவையே.

அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் பதிவு செய்த 'ரெஸ்பெக்ட்', அதாவது 'மதிப்பு', என்னும் பாடல் ஜூன் மாதத்தில் நாட்டின் முதலிடத்தை எட்டியது. அதனை இயற்றி 1965-இல் பாடியவர் ஓடிஸ் ரெட்டிங். அவர் பாடியபோது அது, உழைத்து வீடு திரும்பும் கணவன் மனைவியிடம் மதிப்பைக் கோரும் பாட்டு. அரேத்தா பாடியபோது பெண்ணே அக்கோரிக்கையை எழுப்புகின்றாள்; அச்சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரித்து வற்புறுத்துகின்றாள்; அரேத்தாவின் சகோதரியர் எர்மாவும் கரோலினும் பின்னிருந்து மறுமொழி பாடுகின்றனர். கறுப்பின மக்களும் பெண்களும் அதனைத் தம் விடுதலைக் கீதமாக ஏற்றுக்கொண்டனர். மனிதர் ஒவ்வொருவரும் இறைவனின் சாயல் என்னும் படிப்பினையை, இறையியல் சொல் எதுவுமின்றி ஒரு பெண் நாடறியச் சொன்னதாக நாம் இதனைக் கொள்ளலாம்.

இவ்விடுதலை உணர்வுக்கும் ஆலயமே ஊற்று. 1963 ஜூன் 23 அன்று டெட்ராய்டில் நடந்த விடுதலைப் பேரணியை முன்னின்று நடத்தியவர்களுள் ஃபிராங்கிளின் போதகர் முதன்மையானவர். ஏறத்தாழ 1,25,000 பேர் அதில் நடந்தனர். தம் கனவைப் பற்றி வாஷிங்டனில் பேசுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ட்டின் லூதர் கிங் அங்கு அக்கருத்தை எடுத்துரைத்தார். கிங்கின் இயக்கத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் அரேத்தா பாடினார். 1970-இல் ஏஞ்சலா டேவிஸ் சிறைப்பட்டபோது, பிணைத்தொகையைத் தாம் செலுத்துவதாக அறிவித்தார். தந்தையின் கருத்து அதற்கு மாறாக இருந்தது. ஆயினும், தம் பணம் கறுப்பின மக்களிடமிருந்து வந்தது என்றும், அதனை அவர்களுக்கே பயன்படுத்த விரும்புவதாகவும் அவர் கூறினார்.

4. 1972-இன் இரண்டு இரவுகள்

புகழின் உச்சியில் இருந்தபோது அரேத்தா ஓர் ஆலயத்தில் பாடலைப் பதிவு செய்ய முடிவு செய்தார். 1972 ஜனவரி 13, 14 ஆகிய நாள்களில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்திஸ்து ஆலயத்தில், ஜேம்ஸ் கிளீவ்லாந்து வழிநடத்த, தென் கலிபோர்னியச் சமுதாயப் பாடகர் குழுவுடன் அவர் பாடினார். அவ்வாலயம் முன்னர்த் திரைப்பட அரங்காக இருந்த கட்டடம். டெட்ராய்டில் நியூ பெத்தேல் சபை 1963-இல் குடியேறிய கட்டடமும் பழைய திரையரங்கே. கட்டடங்கள் ஆலயமாகலாம் என்று தயங்காமல் ஏற்ற சபைகள், இராகங்கள் ஆலயத்தினின்று வெளிச்செல்வதை மட்டும் ஏற்க இயலாமற் போனது ஏன் என்று நாம் கேட்கலாம்.

அவ்விரவுகளின் பாடற்பட்டியலும் சிந்தனைக்குரியது. டார்சியின் பாடலுடன், அக்காலத்தில் வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்த கரோல் கிங்கின் நட்புப் பாடலை அரேத்தா இணைத்துப் பாடினார். நாடக மேடைக்கென எழுதப்பட்ட பாடலொன்றும், மார்வின் கேயின் பாடலொன்றும் அங்கு வழிபாடாயின. இசைத்தட்டுக்குப் பெயர் தந்த 'அமேசிங் கிரேஸ்' என்னும் கிருபையின் கீதத்தை எழுதிய ஜான் நியூட்டன், ஒருகாலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்து, பின்னர் குருவாகி, 1788-இல் அவ்வணிகத்தைக் கண்டித்து எழுதியவர். அடிமைகளின் வழித்தோன்றலாகிய ஒரு பெண் அக்கீதத்தை மெல்ல மெல்ல விரித்துப் பாட, பாடகர் குழுவினர் அழுதனர். கிளீவ்லாந்து பியானோவை விட்டு விலகி அமர்ந்து அழுதார்.

இரண்டாம் இரவில் ஃபிராங்கிளின் போதகர் எழுந்து பேசினார். தம் மகள் ஒருபோதும் ஆலயத்தை விட்டுச் செல்லவில்லை என்பதே அவர் உரையின் சாரம். அவ்விசைத்தொகுப்பு இருபது இலட்சத்துக்கு மேல் விற்று, அரேத்தாவின் தொகுப்புகளிலேயே மிகுதியாக விற்பனையானதாக நிலைத்தது. அவ்விரவுகளைச் சிட்னி பொல்லாக் படமாக்கியிருந்தார். ஒலியும் காட்சியும் பொருந்தாமையால் கிடப்பில் இருந்த அப்படம், 2018-இல், அரேத்தாவின் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது.

5. இறுதி ஆண்டுகளும் நம் முன் நிற்கும் வினாவும்

1979 ஜூன் மாதத்தில், வீட்டில் புகுந்த திருடர்கள் ஃபிராங்கிளின் போதகரைச் சுட்டனர். ஐந்தாண்டுகள் நினைவிழந்த நிலையில் இருந்த அவர் 1984-இல் காலமானார். 1987-இல் 'ராக்' இசையின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதற்பெண் என்னும் சிறப்பு அரேத்தாவுக்குக் கிட்டியது. அதே ஆண்டில் அவர் தந்தையின் சபைக்குத் திரும்பி, மற்றொரு நற்செய்தி இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். 2009-இல் நாட்டின் முதல் கறுப்பினக் குடியரசுத் தலைவரின் பதவியேற்பிலும் அவர் பாடினார். 2018 ஆகஸ்டு 16 அன்று கணையப் புற்றுநோயால் டெட்ராய்டில் இறந்தார்.

அரேத்தாவைத் தூயவராக்குவது நம் நோக்கமன்று. அவர் அதனைக் கோரவுமில்லை. ஆனால், பாடல் ஆலயத்தை விட்டு வெளியேறியது என்று வருந்தும் ஊழியர் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்: தாயை இழந்த ஒரு சிறுமி, பன்னிரண்டு வயதில் தாயான ஒரு சிறுமி, தன் துயரை மறைக்காமல் சொல்ல நம் ஆராதனையில் இடம் உண்டா? நியூ பெத்தேல் சபை அரேத்தாவுக்குக் குரலைத் தந்தது. அக்குரல் சொல்ல வேண்டியிருந்த யாவற்றையும் கேட்கும் செவியை அது முழுமையாகத் தரவில்லை. வெளியே இலட்சக்கணக்கானோர் கேட்டனர். திருப்பாடல் நூலில் புலம்பலும் முறையீடும் துதியுடன் ஒரே ஏட்டில் நிற்கின்றன. அவற்றைப் பிரித்து, துதியை மட்டும் ஆலயத்தில் வைத்துக்கொள்ளும் சபையிலிருந்து, புலம்பல் தானே வெளியேறும். அது வேறொரு மேடையில் ஒலிக்கும்போது, அதனைத் துரோகம் எனப் பழிப்பது எளிது. அதில் நம் சபையின் குரலையே அடையாளம் கண்டு செவிகொடுப்பது ஊழியரின் கடமை.