குருவின் காலடிச் சத்தம்

ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் ஆசிரியர் காஸுவோ சிபா பிரிட்டனில் போய் இறங்கிய கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். எழுத உட்கார்ந்தால், அதற்கு முந்தைய எட்டு வருடங்களைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1958. சிபாவுக்குப் பதினெட்டு வயது. ஜூடோ தெரியும், ஷோடோகான் கராத்தே தெரியும். ஒரு புத்தகத்தில் ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபாவின் புகைப்படத்தைப் பார்க்கிறார். இவர்தான் என் குரு என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுகிறார். டோக்கியோவில் இருந்த தலைமை தோஜோவுக்கு, அதாவது பயிற்சிக்கூடத்துக்கு, போனால் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள். பையன் திரும்பிப் போகவில்லை. மூன்று நாட்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தான். விஷயம் உயெஷிபாவின் காதுக்குப் போன பிறகுதான் உள்ளே இடம் கிடைத்தது.

உள்ளே கிடைத்தது சுகவாசம் அல்ல. சிபா சேர்ந்தது உச்சிதெஷியாக. உச்சிதெஷி என்றால் குருவின் வீட்டோடு வாழும் சீடன். பகலில் விழுந்து புரண்ட அதே பாய்களைத்தான் விடிந்ததும் பெருக்கித் துடைக்க வேண்டும். நோபுயோஷி தமுரா, யோஷிமிட்சு யமடா, மிட்சுனாரி கனாய், செய்ச்சி சுகானோ எல்லாரும் அந்தக் காலத்துச் சீடர்களே. பின்னாளில் பிரான்ஸ், நியூயார்க், பாஸ்டன், ஆஸ்திரேலியா என்று ஐகிடோவைக் கொண்டுபோனவர்கள்.

ஆனால் என்னைப் பல நாட்களாகப் பிடித்து வைத்திருப்பது பாய்களில் நடந்த பயிற்சி அல்ல, குருவோடு ஊர் ஊராகப் போகும் வேலை. உயெஷிபாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. ரயில் நிலையத்தில் கிழவர் யாருக்காகவும் நிற்க மாட்டார். கூட்டத்துக்குள் தன்பாட்டுக்குப் புகுந்து போய்க்கொண்டே இருப்பார். இரண்டு கையிலும் பெட்டியோடு சீடன் பின்னால் ஓட வேண்டும். டிக்கெட்டும் அவன்தான் வாங்க வேண்டும், குருவும் கண்ணிலிருந்து மறையக் கூடாது.

இரவு இன்னும் கடினம். வயதானவர், நடுநிசியில் எழுந்து கழிவறைக்குப் போவார். பக்கத்து அறையில் படுத்திருக்கும் சீடன் அதற்கு முன்பே எழுந்து, கதவைத் தள்ளித் திறந்து, செருப்பைக் கால் நுழைக்க வாகாகத் திருப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும். நாள் முழுக்க அடித்துப் போட்ட உடம்பு. பாயில் விழுந்தால் பிணம்போலத் தூங்க வேண்டிய வயது. அந்தத் தூக்கத்துக்குள்ளும் ஒரு காதைத் திறந்து வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால் சிபாவை சிபாவாக்கியது அந்தச் செருப்புதான். வெளிநாட்டில் அவருக்குக் கடுமையானவர் என்று பெயர். பயந்து விலகியவர்களும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அவரைக் குரூரமானவர் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எதிரில் நிற்பவன் ஒரு கணம் கவனம் சிதறினாலும் அவரால் பொறுக்க முடியவில்லை. தூக்கத்தில்கூட அந்தச் சலுகை கிடைக்காமல் வளர்ந்தவர் அவர்.

நாகோயாவுக்கு ஆசிரியராகப் போனது, தலைமை தோஜோவில் பாடம் எடுத்தது எல்லாம் இந்த வருடங்களுக்குள் அடக்கம். 1966இல் ஐந்தாம் டான் என்ற தகுதிநிலையோடு பிரிட்டனுக்குப் புறப்பட்டார். வயது இருபத்தாறு.

1969 ஏப்ரல் 26 அன்று டோக்கியோவில் உயெஷிபா மறைந்தார். பக்கத்து அறையில் படுத்துக் காலடிச் சத்தம் கேட்ட சீடன் அப்போது பிரிட்டனில் குடியிருந்தார். அந்த பிரிட்டன் வருடங்கள் அடுத்த இதழில்.