அஸல் உத்தரில் ஓர் அமானிதம்

உத்தரப் பிரதேசத்துக் காஸிப்பூர் மாவட்டத்தில் தாமூப்பூர் என்றொரு சிற்றூர். அங்கே தையல் தொழில் செய்துவந்த முஹம்மது உஸ்மான் என்பாரின் மைந்தராக 1933 ஜூலை முதல் நாள் பிறந்தவர் அப்துல் ஹமீது. 1954 டிசம்பரில் கிரனேடியர்ஸ் என்னும் காலாட்படையில் சேர்ந்தார். 1962இல் சீனப் போரைக் கண்டார்.

1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் புகுந்தன. அஸல் உத்தரைச் சுற்றிலும் கரும்பு வயல்கள். எங்கள் கீழ்பென்னாத்தூர்க் கரும்புக் கொல்லைகளைப் போல ஆளை மறைக்கும் உயரம். வயல்களில் நம் படையினர் நீரைப் பாய்ச்சினர். சேற்றில் டாங்கிகள் சிக்கின. கரும்பு நம்மவருக்குத் திரையாயிற்று.

ஹமீதிடம் இருந்தது ஜீப்பின்மீது பொருத்திய டாங்கி எதிர்ப்புப் பீரங்கி. அந்த ஜீப்புக்கு இரும்புக் கவசம் கிடையாது. சுட்டதும் பீரங்கியின் பின்புறம் எழும் தீயும் புழுதியும் அது நிற்கும் இடத்தைப் பகைவருக்குக் காட்டிவிடும். ஆகவே சுட்டவுடன் இடம் மாறியாக வேண்டும்.

செப்டம்பர் 10ஆம் நாள் காலை, சீமா கிராமத்தருகே முன்னே வந்த டாங்கியை அவர் வீழ்த்தினார். விரைந்து இடம் மாறி மற்றொன்றை எரித்தார். பகைவர் கண்டுகொண்டனர், குண்டுகள் பொழிந்தன. வேறொரு டாங்கியைச் சுட்டுக்கொண்டிருந்தபோது வெடிகுண்டு பாய்ந்து உயிர் நீத்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா அளித்த அரசின் சான்றுரை கூறுவது இவ்வளவே.

மேடைகளிலோ ஏழு டாங்கிகள் என்கின்றனர். எட்டு என்பாரும் உண்டு. ஹதீஸ் கலை பயின்றோர் எச்செய்தியைக் கேட்டாலும், 'அறிவித்தவர் யார்? கண்டவர் யார்?' என்று வினவாமல் ஏற்பதில்லை. அன்புக்குரியவரைப் பற்றிய செய்தியில் அந்த எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். எண்ணைக் கூட்டுவதால் அவர் உயரப்போவதில்லை. கவசமற்ற ஜீப்பில் ஒரு டாங்கியின் முன் நின்றதே போதும்.

எதிரே நின்றோரிலும் கலிமா மொழிந்தவர் பலர் என்பதை அவர் அறியாதவரல்லர். ஆயினும் படையில் சேர்ந்தபோது அளித்த வாக்கு அவர் கழுத்தில் இருந்தது. வாக்குறுதி ஓர் அமானிதம். அதை அவர் நிறைவேற்றினார். நாட்டுப் பற்றுக்கு நற்சான்று கேட்போர் முன் நீட்டும் சீட்டாக அவர் பெயரை ஆக்குவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

1966 ஜனவரி 26இல், நம் திருத்தணி மண்ணில் பிறந்த குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களின் கையிலிருந்து அவ்விருதை ஹமீதின் துணைவியார் ரசூலன் பீவி பெற்றுக்கொண்டார். ஹமீதின் அடக்கத்தலம் அஸல் உத்தரிலேயே இருக்கிறது. மறைந்தபோது அவருக்கு வயது 32.

அவர் தம் அமானிதத்தைக் காத்தார். அவர் வரலாற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நம்மிடம் உள்ள அமானிதம். அல்லாஹ் அவருடைய மண்ணறையை ஒளிபெறச் செய்வானாக!