பழைய புல்லட்: பற்றவைப்பும் கார்புரேட்டரும்

1955-இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியாவின் பழைய புல்லட்டுகள் பற்றவைப்புக்குப் பாயிண்ட்டையும் கண்டன்சரையும் நம்பி ஓடுபவை. குற்றாலச் சாரலில் பாயிண்ட் மூடிக்குள் ஈரம் கோத்து, பாயிண்ட் முகம் கறுக்கும். தென்காசி திரும்பும் வழியில் வண்டி நின்றதும் பலர் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் வீண் வேலை. சாவியைப் போட்டு, விளக்கை அணைத்து, கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் அசையாவிட்டால் பாயிண்ட்டைத் துடைத்து, 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இடைவெளி வைக்க வேண்டும். பாயிண்ட்டிலேயே பொறி பலமாகப் பறந்தால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். பிளக் காய்ந்திருந்தால்தான் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ஓடி, விட்டால் அணையும் வண்டிக்குப் பெரும்பாலும் கார்புரேட்டரின் பைலட் ஜெட் அடைப்பு. ஊதினால் போதும், கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும்.