உறுப்பின் பெயரும் நரம்பின் வழியும்: இரு உடற்கூற்று அறிவு மாதிரிகள்

மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியே உள்ளுறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பை வலிப்பு நோய்க்காகத் தூண்டும் கருவியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதித்தது. மின்முனையை இடக்கழுத்தில் வேகஸைச் சுற்றிப் பொருத்துவார்கள். மின்துடிப்பை அனுப்பும் சிறு பெட்டி மார்புத் தோலுக்கடியில் இருக்கும். சேர வேண்டிய இடம் மூளை. ஆனால் துடிப்பு ஓடும் நேரத்தில் பலருக்குக் குரல் கரகரக்கிறது, சிலருக்கு இருமல் வருகிறது. குரல்வளைத் தசைகளுக்குப் போகும் இழைகளும் கழுத்தில் அதே நரம்புக்குள்தான் ஓடுகின்றன என்பதே காரணம்.

மருத்துவ மாணவர் இதைப் புத்தகத்தைப் பார்த்து ஊகித்துவிடுவார். அதே ஊகத்தைக் கணினி செய்ய வேண்டுமென்றால், உடலின் இணைப்புகளை அதற்கு எந்த வடிவில் எழுதித் தருவது? கடந்த முப்பது ஆண்டுகளில் இதற்குக் கிடைத்த பதில்களில் இரண்டு, எதிரெதிர் முனைகளிலிருந்து தொடங்குகின்றன. ஒன்று சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபவுண்டேஷனல் மாடல் ஆஃப் அனாட்டமி', சுருக்கமாக எஃப்.எம்.ஏ. மற்றொன்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் 'ஸ்பார்க்' திட்டத்தில் வளர்ந்த இணைப்பு அறிவுத்தளமும், அதற்கு உருவம் தரும் 'ஏப்பினாட்டமி' முறையும். முன்னது உறுப்புக்குப் பெயரிட்டு அதிலிருந்து இணைப்புக்குப் போகிறது. பின்னது வழியை வரைந்து, அந்த வழியில் உறுப்புகளைக் காண்கிறது.

முதல் மாதிரி: இருப்பதையெல்லாம் வரிசைப்படுத்துதல்

எஃப்.எம்.ஏ. 1990களின் நடுவில் தொடங்கியது. கார்னீலியஸ் ராஸ், ஹோசே மெஹினோ ஆகியோர் அதன் முதன்மைச் சிற்பிகள். மருத்துவச் சொற்களை ஒன்றிணைக்கும் பெரிய அகராதித் திட்டம் ஒன்றில் உடற்கூற்றுப் பகுதி வலுவற்று இருந்ததைச் சரிசெய்வதே முதல் நோக்கம். வேலை வளர்ந்து, முழு மனித உடலையும் உடல் முதல் உயிரணு வரை, அதற்கும் கீழே பெருமூலக்கூறு வரை, ஒரே வகைப்பாட்டு மரத்தில் அடுக்கும் முயற்சியாக விரிந்தது. சுமார் 75,000 வகைகள், 1,20,000-க்கு மேற்பட்ட பெயர்கள், 168 வகை உறவுகளால் கட்டிய 21 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புக் கூற்றுகள் என்பது அதன் அளவு.

அதன் ஒழுக்கம் கடுமையானது. ஒவ்வொரு வகைக்கும் மேலே ஒரே ஒரு தாய் வகைதான் இருக்கலாம். வரையறையில் அமைப்பு மட்டுமே பேசும். செயலுக்கு அங்கே இடமில்லை. பள்ளிப் பாடத்தில் இதயம் என்றால் இரத்தத்தை இறைப்பது. எஃப்.எம்.ஏ.வில் அது குழிவான பகுதிகள் கொண்ட ஓர் உறுப்பு. உடல், நுரையீரல் ஆகிய இரு சுற்றோட்டங்களின் தமனி, சிரை மரங்களோடு தொடர்ச்சியாக இருப்பது. இதயம் நின்றுபோன உடலிலும் இந்த வரையறை பொய்க்காது. இங்கே இணைப்பு வரையறைக்குள்ளேயே புகுந்துவிடுவதையும் கவனிக்கலாம்.

இணைப்பு என்று பொதுவாகச் சொல்வதை எஃப்.எம்.ஏ. பல உறவுகளாகப் பிரிக்கிறது. உணவுக்குழாய் மேலே தொண்டையோடும் கீழே இரைப்பையோடும் தொடர்கிறது. தசை எலும்பில் ஒட்டியிருக்கிறது. ஒரு நரம்பணு இன்னொன்றோடு நரம்புச் சந்திப்பில் இணைகிறது. ஒரு தமனி இன்னொன்றின் கிளை. ஒரு சிரை இன்னொன்றின் துணையாறு. இவற்றை ஒரே சொல்லில் அடக்கினால், எலும்பில் தசை ஒட்டியிருப்பதும் குடலோடு குடல் தொடர்வதும் கணினிக்கு ஒன்றாகிவிடும். எந்த இணைப்பு எந்த வகை என்று கேட்க வைத்ததே இந்த மாதிரியின் பெரிய பங்களிப்பு என்பேன்.

இரண்டாம் மாதிரி: போகும் வழியைச் சொல்லுதல்

ஸ்பார்க் திட்டம் 2010களின் நடுவில் தொடங்கியது. உள்ளுறுப்புகளின் நரம்புகளை மின்சாரத்தால் தூண்டி நோய்களைத் தணிக்கலாமா என்பதே அதன் கேள்வி. ஆகவே அங்கே உடற்கூறு படிப்பவரைவிடக் கருவி வடிவமைப்பவரின் தேவை முன்னால் நின்றது: இந்த இடத்தில் தூண்டினால் எங்கெங்கே எதிரொலிக்கும்?

அங்கே அடிப்படை அலகு நரம்பு அல்ல, நரம்பணுக் கூட்டம். ஒரு கூட்டத்துக்கு ஒரு பதிவு. அதன் உயிரணு உடல் எங்கே இருக்கிறது, ஆக்ஸான் என்னும் அதன் நீண்ட இழை எந்த நரம்புகளின் ஊடாகப் போகிறது, எங்கே முடிகிறது, இயக்கமா உணர்வா, நரம்பு முடிச்சுக்கு முந்தியதா பிந்தியதா, எந்த உயிரினத்தில் கண்டது, எந்த ஆய்வுக் கட்டுரை சான்று என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும்.

இதற்கு உருவம் தருவது பெர்னார்ட் டி போனோவும் நியூசிலாந்தின் ஆக்லாந்து உயிர்ப்பொறியியல் நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினரும் வளர்த்த ஏப்பினாட்டமி. அதன் அடிப்படைக் கட்டை 'லிஃப்' எனப்படும் அடுக்கடுக்கான உருளை. ஒவ்வோர் அடுக்கும் ஒரு திசு; நடுவில் ஓர் அச்சு; இரு முனைகளும் திறந்தோ மூடியோ இருக்கலாம். சிறுநீரக நுண்குழலின் தொடக்க முனை மூடியது, சேகரிப்புக் குழாயை அடையும் முனை திறந்தது. மாதிரி எழுதுபவர் இந்த உருளைகளைச் சங்கிலியாகக் கோக்கிறார். பிறகு ஒரு நரம்பணுவின் ஆக்ஸான் எந்தெந்த உருளைகளுக்குள், எந்த அடுக்கில் ஓடுகிறது என்று குறிக்கிறார். இரைப்பைச் சுவரில் வட்டத் தசைக்கும் நெடுந்தசைக்கும் இடையில் ஓர் இழை முடிகிறது என்றால், 'இரைப்பையில் முடிகிறது' என்பதோடு நிற்காமல் அந்த இடைவெளியையே சுட்ட முடிகிறது.

ஒரே நரம்பு, இரு விடைகள்

மீண்டும் வேகஸுக்கு வருவோம். இரண்டு மாதிரிகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: மூளைத்தண்டிலிருந்து குரல்வளைக்கு வழி என்ன?

எஃப்.எம்.ஏ. பாணியில் உண்மைகள் தனித்தனியாக நிற்கின்றன. வேகஸ் மூளைத்தண்டின் சில நியூக்ளியஸ்களோடு, அதாவது நரம்பணுத் திரள்களோடு, சேர்ந்தது. இடப்பக்கத் திரும்பு குரல்வளை நரம்பு இட வேகஸின் கிளை. மார்புக்குள் இறங்கிப் பெருந்தமனி வளைவைச் சுற்றி மேலேறுவது. அந்நரம்பு குரல்வளைத் தசைகளுக்குக் கிளை தருகிறது. ஒவ்வொன்றும் சரி. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து விடை தேடச் சொன்னால், முகுளத்தின் (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி) முதுகுப்புற இயக்க நியூக்ளியஸ், வேகஸ், திரும்பு நரம்பு, குரல்வளைத் தசை என்று ஒரு வழியைக் கணினி காட்டக்கூடும். அந்த விடை தவறு. குரல்வளையை அசைக்கும் இழைகள் ஆம்பிகுவஸ் நியூக்ளியஸிலிருந்து வருபவை. முதுகுப்புற இயக்க நியூக்ளியஸின் இழைகள் இரைப்பை போன்ற உள்ளுறுப்புகளுக்கு உரியவை. வேகஸ் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த இரண்டையும் சேராதவை. அவை உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் உணர்வு இழைகள். அவற்றின் உயிரணு உடல்கள் நரம்பின் வழியிலுள்ள முடிச்சுகளில் இருக்கின்றன.

பிழை எங்கே? 'பகுதி' என்ற உறவைத் தயங்காமல் சங்கிலியாக்கலாம்: வால்வு இதயத்தின் பகுதி, இதயம் உடலின் பகுதி, ஆகவே வால்வு உடலின் பகுதி. 'இணைப்பு' அப்படிக் கடத்தப்படுவதில்லை. நரம்பு சாலை என்றால் நரம்பணு அதில் ஓடும் பேருந்து. ஒரே சாலையில் பல தடங்கள் போகலாம், ஒரு தடத்தில் ஏறியவர் மற்றொன்றின் ஊருக்குப் போய்ச் சேரமாட்டார். சாலை வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு பயணத்தைச் சொல்ல முடியாது.

ஸ்பார்க் அறிவுத்தளம் இந்தச் சிக்கலைப் பதிவின் வடிவிலேயே தீர்த்துவிடுகிறது. ஆம்பிகுவஸ் கூட்டம், முதுகுப்புறக் கூட்டம், உணர்வுக் கூட்டம் மூன்றும் தனித்தனி வரிகள். மூன்றும் கழுத்து வேகஸ் ஊடாகப் போகின்றன என்ற குறிப்பு மட்டும் பொது. 'கழுத்து வேகஸ் ஊடாகப் போகும் எல்லாக் கூட்டங்களும் எங்கே முடிகின்றன?' என்று கேட்டால் மூளை, இதயம், இரைப்பையோடு குரல்வளையும் பட்டியலில் வந்துவிடும். குரல் கரகரப்பை நோயாளி சொல்வதற்கு முன்பே மாதிரி சொல்லிவிடும்.

யாருடைய உடல்?

இரண்டுக்கும் இடையே இன்னும் ஆழமான வேறுபாடு உண்டு. எஃப்.எம்.ஏ. விவரிப்பது முறைமையான மனித உடலை; அதாவது எல்லாம் பாடநூல்படி அமைந்த உடலை. மிகச் சிலருக்கு வலப்பக்கத் திரும்பு குரல்வளை நரம்பு திரும்பாமலேயே குரல்வளைக்கு நேரே போகிறது. வலக் காறையெலும்புக் கீழ்த் தமனி வேறிடத்திலிருந்து கிளம்புவதன் விளைவு அது. தைராய்டு அறுவை செய்பவருக்கு இது முக்கியம். முறைமையான உடலுக்கு இது விலக்கு.

ஸ்பார்க் பதிவுகளோ பல உயிரினங்களின் ஆய்வுகளிலிருந்து திரட்டியவை. சிறுநீர்ப்பையைச் சுருக்கும் பாராசிம்பதடிக் நரம்பணுக்கள் மனிதரில் தண்டுவடத்தின் இரண்டாம் முதல் நான்காம் திருவெலும்புத் துண்டங்களில் இருக்கின்றன. எலியில் ஆறாம் இடுப்புத் துண்டத்திலும் முதல் திருவெலும்புத் துண்டத்திலும். எலியின் இடுப்புக்குழியில் ஒரு பெரிய நரம்பு முடிச்சு தனியே தெரிகிறது; மனிதரில் அதே வேலையைப் பரவிய வலை செய்கிறது. எலியின் வழியை மனிதருக்கு அப்படியே பொருத்தினால் மின்முனை தவறான துண்டத்தில் போய் நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு வரியிலும் உயிரினத்தின் பெயரும் சான்றும் வருகின்றன.

ஸ்பார்க் முறைக்கு விலையும் இல்லாமல் இல்லை. எஃப்.எம்.ஏ. உச்சி முதல் பாதம் வரை விடுபடாமல் பேசுகிறது. ஸ்பார்க் தளமோ இதயம், சிறுநீர்ப்பை, இரைப்பை என நிபுணர்கள் அமர்ந்து எழுதிய இடங்களில் செறிவாகவும் மற்ற இடங்களில் மெலிந்தும் இருக்கிறது. அங்கே ஒரு பதிவு இல்லை என்றால் உடலில் வழி இல்லை என்று பொருளல்ல. யாரும் இன்னும் எழுதவில்லை என்பதாகவும் இருக்கலாம். மேலும், எத்தனை இழைகள், எந்தத் தடிமன், எவ்வளவு மின்னோட்டத்துக்கு எது முதலில் விழிக்கும் என்பவற்றை வழிப்படம் மட்டும் சொல்லாது. குரல்வளைக்கு வழி உண்டு என்று எச்சரிக்கும். எந்த அளவில் குரல் கெடும் என்று கணக்கிட வேறு மாதிரி வேண்டும்.

ஒன்றின் மேல் ஒன்று

எது மேல் என்ற கேள்வியைவிட எது எதன்மேல் நிற்கிறது என்று கேட்பது பயன் தரும். ஒரு கூட்டம் 'இன்ன நரம்பு ஊடாக'ப் போகிறது என்று பதிவு எழுதும்போது, அந்த நரம்புக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் அடையாளம் வேண்டும். இல்லாவிட்டால் இரு ஆய்வாளர்கள் ஒரே நரம்பை இரண்டாக எழுதுவார்கள், இரு வழிகள் ஒருபோதும் சந்திக்காது. அந்த அடையாளங்களை எஃப்.எம்.ஏ.வும், பல உயிரினங்களுக்குப் பொதுவான 'உபெரான்' வகைப்பாடும் தருகின்றன. ஆக்லாந்து குழு உருவாக்கிய தட்டைப்படங்கள் ஸ்பார்க் வழிகளை உடல்மேல் கோடுகளாக வரைந்து காட்டுகின்றன. பெயரிட்ட உறுப்புகள் இல்லாமல் அந்தக் கோடுகளுக்குத் தொடக்கமும் முடிவும் இருக்காது.

ஆகவே தேர்வு கேள்வியைப் பொறுத்தது. ஸ்கேன் படத்தில் தெரியும் பகுதிக்குச் சரியான பெயர் வேண்டும், இரு மருத்துவமனைகளின் பதிவுகளை ஒன்றாக்க வேண்டும், ஒரு பகுதி எதனுள் அடங்கும் என்று அறிய வேண்டும் என்றால் எஃப்.எம்.ஏ. போதும், அதன் முழுமைக்கு ஸ்பார்க் ஈடாகாது. ஓரிடத்தில் செய்வது வேறெங்கே வெளிப்படும் என்ற கேள்விக்கு, எத்தனை லட்சம் கூற்றுகள் சேர்ந்தாலும் பெயர்ப் பட்டியல் விடை தராது. வழியை ஒரு முழு அலகாக எழுதி வைத்த மாதிரியே தரும். இணைப்பைப் பொருளின் பண்பாக மட்டும் எழுதிவிட்டு, பயணத்தைக் கணினி தானாகக் கூட்டிச் சொல்லும் என்று எதிர்பார்ப்பதுதான் இத்துறையில் புதிதாக மாதிரி கட்டுபவர்கள் முதலில் கைவிட வேண்டிய நம்பிக்கை.