ஸ்கிரான்டன் பாதையின் ஆல்கோக்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வடகிழக்கில் ஸ்கிரான்டன் என்ற பழைய நிலக்கரி நகரம் இருக்கிறது. அங்கிருந்து போகோனோ மலைமேட்டைத் தாண்டி டெலவேர் ஆற்றங்கரை வரை ஒரு ரயில் பாதை போகிறது. அந்தப் பாதையில் சரக்கு இழுக்கும் டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவை 1960-களில் பிறந்தவை. அவற்றைச் செய்த ஆல்கோ கம்பெனி 1969-ல் எஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. மற்ற இடங்களில் எடைக்குப் போட்டு உருக்கப்பட்ட வகைகள் இங்கே வேலைக்குப் போய் வருகின்றன. அவற்றைப் பார்க்கவே கேமராவும் மடக்கு நாற்காலியுமாகத் தொலைதூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களை ஈர்ப்பது பழமை. எஞ்சின்களை ஓட்டுகிற கம்பெனிக்கோ அது சுத்தமான கணக்கு.

பாதையின் கதை எஞ்சின்களின் கதையைவிட மூத்தது. ஸ்கிரான்டனைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் கிடைத்த ஆந்த்ரசைட் நிலக்கரி கெட்டியானது, புகையில்லாமல் எரிவது. அதை நியூயார்க் பக்கம் கொண்டு சேர்க்கவே டெலவேர், லாக்கவானா அண்ட் வெஸ்டர்ன் என்ற நீண்ட பெயர் கொண்ட ரயில்வே 1850-களில் பிறந்தது. 1900-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி தன் விளம்பரத்துக்கு ஃபீபி ஸ்னோ என்ற கற்பனைப் பெண்ணை உருவாக்கியது. வெள்ளை உடையில் பயணம் செய்யும் அவள் மேல் ஒரு துளி கரி கூடப் படாது. ஏனென்றால் எஞ்சினில் எரிவது ஆந்த்ரசைட். அதே தண்டவாளத்தில் இன்று கரும்புகை கக்குவதற்கே பேர்போன எஞ்சின்கள் ஏறி இறங்குகின்றன என்பதை ஃபீபி ஸ்னோ எப்படி எடுத்துக்கொள்வாள் என்று தெரியவில்லை.

ஸ்கிரான்டனிலிருந்து கார்பன்டேல் பக்கம் போகும் இன்னொரு கிளைப்பாதை டெலவேர் அண்ட் ஹட்சன் கம்பெனியுடையதாக இருந்தது. கார்பன்டேலுக்கு அடுத்த ஹோன்ஸ்டேல் ஊரில்தான் 1829 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்டவர்பிரிட்ஜ் லயன் என்ற நீராவி எஞ்சினை இந்தக் கம்பெனி ஓட்டிப் பார்த்தது. அமெரிக்காவில் சரக்குக்கான தண்டவாளத்தில் ஓடிய முதல் எஞ்சின் அது. மரத்தண்டவாளம் அதன் எடையைத் தாங்காது என்று தெரிந்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள். ஆக, இந்த வட்டாரம் ரயிலின் தொடக்கத்தையும் பார்த்தது, சரிவையும் பார்த்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளைச் சூடாக்க எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. ஆந்த்ரசைட்டின் மவுசு போனது. சரக்கும் நெடுஞ்சாலைக்கு, லாரிக்கு மாறியது. லாக்கவானா கம்பெனி 1960-ல் போட்டியாளரான ஈரி ரயில்வேயோடு இணைந்து ஈரி லாக்கவானா ஆனது. 1972-ல் ஆக்னஸ் புயல் வெள்ளம் பாதைகளை அடித்துக்கொண்டு போனதில் அதுவும் திவாலானது. 1976 ஏப்ரல் 1 அன்று, திவாலான கிழக்கத்திய ரயில்வேக்களைச் சேர்த்து அரசு அமைத்த கான்ரெயில் நிறுவனத்திடம் பாதை போனது. கான்ரெயிலுக்கு இணையான பாதைகள் ஏராளம், சரக்கோ குறைவு. டெலவேர் ஆற்றுக்கு அப்பால், மலையைக் குடைந்தும் பள்ளத்தை மண் கொட்டி நிரப்பியும் 1911-ல் பெருஞ்செலவில் போட்ட லாக்கவானா கட்ஆஃப் பாதையின் தண்டவாளத்தை 1984-ல் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். போகோனோ பகுதியும் அப்படியே போயிருக்கும். உள்ளூர் மாவட்ட நிர்வாகங்கள் முன்வந்து தண்டவாளத்தை வாங்கியதால்தான் தப்பியது. ஆகவே இன்று பாதை பொதுச்சொத்து. அதில் வண்டி ஓட்டும் உரிமை மட்டும் தனியாரிடம்.

1993-ல் அந்த உரிமையை டெலவேர்-லாக்கவானா என்ற புதிய கம்பெனி எடுத்துக்கொண்டது. நியூயார்க் மாநிலத்து பட்டாவியாவைச் சேர்ந்த ஜெனசி வேலி டிரான்ஸ்போர்டேஷன் குழுமத்தின் பிள்ளை அது. அமெரிக்காவில் ரயில்வே தனியார் தொழில் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். நாடு முழுக்கப் பரவிய பெரிய கம்பெனிகள் ஆறு. அவற்றுக்குக் கீழே ஏறத்தாழ 600 குறும்பாதைக் கம்பெனிகள். 1980-ல் ஸ்டாகர்ஸ் சட்டம் வந்து கட்டணக் கட்டுப்பாடுகளையும் பாதை விற்பனைக் கெடுபிடிகளையும் தளர்த்தியது. பெரியவர்களுக்குக் கட்டுப்படியாகாத கிளைகளை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் இந்தச் சின்னக் கம்பெனிகள் பெருகின. பெரிய கம்பெனி கொண்டுவந்து விடும் பெட்டிகளை உள்ளூர் ஆலை வாசல் வரை கொண்டு சேர்ப்பதும், காலிப் பெட்டிகளைத் திருப்பித் தருவதுமே இவர்களுடைய வேலை. ஸ்கிரான்டன் பாதையில் முக்கிய வாடிக்கையாளர் மவுன்ட் போகோனோவில் உள்ள ஒரு மாவு ஆலை. ஒவ்வொரு மூடிய பெட்டியிலும் 100 டன் அளவு கோதுமை மலையேறிப் போகிறது.

இந்த வேலைக்கு என்ன எஞ்சின் வேண்டும்? ஸ்கிரான்டனிலிருந்து போகோனோ உச்சிக்குப் பாதை ஆயிரம் அடிக்கு மேல் ஏறுகிறது, அதுவும் வளைந்து வளைந்து. வேகம் தேவையில்லை, மெதுவாக, சக்கரம் வழுக்காமல், பல மணி நேரம் மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். புதிய எஞ்சின் ஒன்றுக்குப் பல மில்லியன் டாலர். நாளுக்குச் சில மணி நேரம் ஓடும் எஞ்சினில் அவ்வளவு பணத்தைப் போட்டால் வட்டிக்கே வருமானம் போய்விடும். பெரிய கம்பெனிகள் ஒதுக்கித் தள்ளிய ஆல்கோக்களோ பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலே கிடைத்தன. பழைய பெட்டி ஒன்று 50 வயதைத் தாண்டினால் சிறப்பு அனுமதி இல்லாமல் கம்பெனிகளுக்கிடையே ஓடக்கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. அதை இழுக்கும் எஞ்சினுக்கு அப்படி வயது வரம்பு கிடையாது. 1973-க்கு முன் கட்டிய எஞ்சின்கள் பெரிதாகப் புதுப்பிக்கப்படாதவரை மத்திய அரசின் புகை வரம்பு விதிகளுக்குள்ளும் வருவதில்லை. சட்டத்தின் இந்த இரண்டு இடைவெளிகளில்தான் இந்தக் காட்சியே நடக்கிறது.

ஆல்கோ என்பது அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனியின் சுருக்கப் பெயர். 1901-ல் எட்டு பட்டறைகள் இணைந்து உருவானது. தலைமைப் பட்டறை நியூயார்க் மாநிலத்து ஷெனக்டடியில். நீராவிக் காலத்தில் பெரும்புள்ளி. டீசலிலும் பின்தங்கியதாகச் சொல்ல முடியாது. 1925-ல் நியூஜெர்சி சென்ட்ரல் ரயில்வேக்குப் போன நாட்டின் முதல் வெற்றிகரமான டீசல்-மின் ஷண்டிங் எஞ்சினில் அதற்குப் பங்கு உண்டு. 1941-ல் வந்த ஆர்எஸ்-1 இன்னும் பெரிய பாய்ச்சல். நடுவில் கேபின், இருபுறமும் ஒடுங்கிய மூடி, வெளியே நடக்க மேடை. யார்டில் பெட்டி பிரிக்கவும் நெடுந்தூரம் இழுக்கவும் ஒரே எஞ்சின் போதும் என்று காட்டியது அதுதான். இன்றைய அமெரிக்க சரக்கு எஞ்சின் அத்தனையும் அந்த வடிவத்தின் வாரிசுகள்.

சறுக்கல் போர்க்கால முடிவில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஈஎம்டி பிரிவு சந்தையை அள்ளிக்கொண்டிருந்தபோது, ஆல்கோ 244 என்ற புது டீசல் மோட்டாரைச் சரியாகச் சோதிக்காமல் அவசரமாக இறக்கியது. கிராங்க்ஷாஃப்டிலும் டர்போசார்ஜரிலும் ஓயாத தொல்லை. அடுத்து வந்த 251 உறுதியான மோட்டார். ஆனால் வாங்குபவர்கள் ஏற்கெனவே சூடுபட்டுக்கொண்டவர்கள். மின் பாகங்கள் தந்துவந்த ஜெனரல் எலக்ட்ரிக் 1953-ல் கூட்டை முறித்து, சில ஆண்டுகளில் தானே எஞ்சின் கட்டி எதிரில் நின்றது. ஆல்கோ 1963-ல் செஞ்சுரி வரிசையைக் கொண்டுவந்தது: 2,000 குதிரைத்திறன் கொண்ட சி420, 2,500 கொண்ட சி425, ஆறு அச்சுகளோடு 3,000-மும் 3,600-மும் கொண்ட சி630, சி636. தரத்தில் குறையில்லை, காலம்தான் தவறிவிட்டது. சி420 மொத்தமே 131 கட்டினார்கள்; சி425 அதைவிடக் குறைவு, 91.

இப்படிக் குறைவாகப் பிறந்ததுதான் பார்ப்பவர்களுக்கு விருந்து. ஒவ்வொரு வகைக்கும் முகம் வேறு. சி420-ல் 12 சிலிண்டர் மோட்டார் என்பதால் எஞ்சின் மூடி குட்டை. மிச்ச நீளம் கேபினுக்கு முன்னால் நீண்ட மூக்காக வந்துவிட்டது. சி424, சி425 ஆகியவற்றில் 16 சிலிண்டர், மூக்கு சப்பை. கனடாவின் மாண்ட்ரியால் பட்டறையில் செய்த எம்630, எம்636 நீண்டு கனத்தவை. 1950-களின் ஆர்எஸ்-3-க்கு மூலைகள் எல்லாம் வளைந்திருக்கும். தேர்ந்த பார்வையாளர் இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே காதால் பிடித்துவிடுவார். ஈஎம்டி மோட்டார் இரண்டு ஸ்ட்ரோக், சீரான முழக்கம். ஆல்கோ 251 நான்கு ஸ்ட்ரோக். சும்மா நிற்கும்போதே அடி விட்டு அடி விழும், கொதிக்கும் பெரிய அண்டா மாதிரி குமுறிக்கொண்டிருக்கும்.

புகையின் இரகசியமும் எளிது. டிரைவர் கைப்பிடியை ஒரு படி மேலே தள்ளியதும் கவர்னர் உடனே கூடுதல் டீசலைப் பாய்ச்சிவிடும். அந்த டீசல் முழுதாக எரியத் தேவையான காற்றைத் தரும் டர்போசார்ஜர், வெளிப்புகையின் வேகத்தில் சுழன்று எழச் சில நொடி பிடிக்கும். அந்த இடைவெளியில் எரியாத கரி, கூரைக்கு மேல் தூணாக எழும். டர்போ வேகம் பிடித்து விசில் அடிக்கத் தொடங்கியதும் புகை வெளிறிவிடும். மேட்டில் ஒரு வளைவுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வண்டி வரும் சேதியை முதலில் சொல்வது மரங்களுக்கு மேலே தெரியும் அந்தத் தூண்தான். அப்புறம் விசில், அப்புறம் தரை அதிர்வு, கடைசியில் மனிதர் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக ஊர்ந்து வரும் எஞ்சின்கள். குளிர்காலத்தில் அவற்றுக்கு ஓய்வும் அரிது. அமெரிக்க எஞ்சின்களின் குளிரூட்டும் நீரில் உறைதடுப்பு மருந்து கலப்பதில்லை; அணைத்தால் தண்ணீரை இறக்கியாக வேண்டும். அதனால் பட்டறை வாசலில் ராத்திரி முழுக்கக் குமுறிக்கொண்டு நிற்கும்.

சில எஞ்சின்களின் பயணம் நாவலுக்குரியது. ஈரி லாக்கவானா 12 சி425-களை வாங்கி 2451 முதல் 2462 வரை எண் கொடுத்தது. கம்பெனி மறைந்ததும் அவை கான்ரெயிலுக்குப் போயின. அங்கிருந்து கண்டத்தின் மறுகோடியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ரயில்வேக்கு. அங்கே மலைகளில் உழைத்து ஓய்ந்தபின் அவற்றில் சில மறுபடி கிழக்கே வந்து, தங்கள் முதல் எஜமானின் தண்டவாளத்திலேயே சரக்கு இழுத்தன. யாரும் ஏக்கத்தில் செய்த ஏற்பாடு அல்ல. விலை படிந்தது, உதிரிபாகம் பொருந்தியது.

உதிரிபாகம்தான் ஒரே இன எஞ்சின்களை வைத்திருப்பதன் காரணம். பத்து வகை மோட்டார் வைத்திருந்தால் பத்து வகை பிஸ்டன் வாங்கி அடுக்க வேண்டும். 251-ல் 6, 12, 16 என்று சிலிண்டர் எண்ணிக்கை மாறினாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் விட்டம் 9 அங்குலம், ஸ்ட்ரோக் பத்தரை அங்குலம். ஓடாத எஞ்சினைக் கழற்றி ஓடுவதற்குக் கொடுக்கலாம். பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும் வரிசை குப்பையல்ல, அது ஸ்டோர் ரூம். ஆர்கன்சா அண்ட் மிசௌரி என்ற இன்னொரு சிறு ரயில்வேயும் 1986-ல் தொடங்கியபோது இதே வழியில்தான் ஆல்கோக்களைச் சேர்த்தது. ஆனால் 2013-ல் மூன்று புதிய ஈஎம்டி எஞ்சின்களை வாங்கி, கனமான வேலையை அவற்றிடம் கொடுத்தது. சரக்கு பெருகினால் கணக்கு மாறும்.

251 மோட்டார் அதைப் பெற்ற கம்பெனியைவிட நெடுநாள் வாழ்ந்தது. கென்னடி விண்வெளி மையத்தில் சாட்டர்ன் ராக்கெட்டுகளை ஏவுதளத்துக்குச் சுமந்துபோன ராட்சத ஊர்தியில் 2,750 குதிரைத்திறன் கொண்ட ஆல்கோ மோட்டார்கள் இரண்டு. ஆனால் அதன் பெரிய வாழ்க்கை இந்தியாவில்தான். 1962-ல் ஆல்கோவிடமிருந்து வந்த டபிள்யூடிஎம்-2 எஞ்சினை, உரிமம் பெற்று 1964 முதல் வாரணாசி டீசல் லோகோ தொழிற்சாலை கட்டத் தொடங்கியது. ஷெனக்டடி கதவைச் சாத்தியபின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த வகை உற்பத்தி தொடர்ந்தது. எண்ணிக்கை 2,600-ஐத் தாண்டியது. ஈரோடு, பொன்மலை ஷெட்டுகளில் குமுறி நின்றவை அவை. எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர்கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 எஞ்சின்களுக்குள் இருந்ததும் ஆறு சிலிண்டர் 251. அந்த வண்டிகளில் பயணம் செய்து பழகிய காது, ஸ்கிரான்டன் மேட்டில் நின்றால் சத்தத்தை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

ஸ்கிரான்டனில் பழைய லாக்கவானா யார்டின் நடுவே 1995-ல் திறந்த ஸ்டீம்டவுன் தேசிய நினைவிடம் இருக்கிறது. துடைத்து மினுக்கிய நீராவி எஞ்சின்கள் அங்கே கூரைக்குக் கீழே, விளக்கப் பலகையோடு நிற்கின்றன. பார்க்க நேரம் குறித்திருக்கும். டெலவேர்-லாக்கவானாவின் ஆல்கோக்களுக்குப் பலகையும் இல்லை, நேரமும் இல்லை. மாவு ஆலைக்குப் பெட்டி வந்தால் புறப்படும்.